பொட்டலேந்தல் கண்மாயில் வெடி போட்ட நாள்

மனுவை எழுதியது நான்தான். பொட்டலேந்தலில் எந்த மனுவானாலும் நான்தான் எழுத வேண்டும். பால்வாடி டீச்சர் என்றால் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஊருக்கு மனு எழுதி, இரண்டுக்கும் நல்ல பெயர் வாங்காமல் இருப்பவள் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம், எங்கள் கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களைப் பங்குனியில் ஏலம் விடப் போவதாகத் தண்டோரா போட்டார்கள். அந்த மரங்களில்தான் வருஷாவருஷம் நாரைகள் கூடு கட்டும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் வந்து இறங்கும். குஞ்சு பொரித்து, அதுகளுக்கு இறக்கை முற்றி, பங்குனிக் கடைசியில்தான் கிளம்பும். மரத்தை வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் எங்கே வந்து உட்காரும்? எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து வனத்துறைக்கு நாலு பக்கம் எழுதினேன்.

சும்மா எழுதவில்லை, பெருமையாக எழுதினேன். நாரைகள் மிரண்டுவிடும் என்று எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது, மத்தாப்பு மட்டும்தான். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கும் கிடையாது. சாவுக்குக்கூட வேட்டுப் போட மாட்டோம். பலசரக்குக் கடை காசிராஜன் அண்ணாச்சியின் அப்பா இறந்தபோது, அவ்வளவு வசதியான குடும்பம், கொட்டும் சங்கும் மட்டும்தான். இந்த ஊருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒரே பஸ்ஸில் சிவகாசி போய் இறங்குகிற தூரத்தில் இருந்துகொண்டு, எங்கள் பிள்ளைகள் பத்து வயது வரைக்கும் ஓலைவெடியைக் கையால் தொட்டதில்லை. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்வதால் எங்கள் வயலுக்கு யூரியா பாதி போதும். எல்லாவற்றையும் எழுதி, நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி அனுப்பினேன்.

மாசி பிறந்ததும் பதில் வந்தது. ரேஞ்சர் வருகிற புதன்கிழமை நேரில் வருவார், பறவைகள் இருப்பது உறுதியானால் ஏலத்தை நிறுத்தி, கண்மாயைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க எழுதுவார் என்று டைப் அடித்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று சத்தமாக வாசித்தேன். அன்றைக்கு ஒரு நாள் எனக்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காசிராஜன் அண்ணாச்சி காரியாபட்டிச் சந்தையிலிருந்து திரும்பி வந்தார். கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டுக்குத் தலைவரும் அவர்தான். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் சொல்தான். நேரே பால்வாடிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோம். சரணாலயம்னு போர்டு நட்டுட்டா ஆடு மாடு உள்ள போகக்கூடாதாம். வயலுக்கு எருவாக் கரம்பை மண்ணு ஒரு வண்டி அள்ளக்கூடாதாம். பறவை போறவரைக்கும் மடையத் தொறக்கவே விடமாட்டாகளாம்."

"யாரு அண்ணாச்சி சொன்னது?"

"சந்தையில அம்புட்டுப் பேரும் சொல்றாக."

அம்புட்டுப் பேரில் ஒருத்தர் பெயரையாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் நினைப்பு அதற்குள் வயலுக்குப் போய்விட்டது. நெல் பால் பிடித்து நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால்தான் கதிர் முற்றும். இரண்டாம் மடைக்குக் கீழே எங்களுக்கு அறுபது சென்ட் இருந்தது. என் வீட்டுக்காரர் வேதமுத்து அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒம் பேனாவை ஒடிச்சு அடுப்புல போடு" என்றார். நான் வீட்டுக்கும் கண்மாய்க் கரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊர்க்கூட்டம். அண்ணாச்சி யோசனை சொன்னார். ரேஞ்சர் வரும்போது கண்மாயில் பறவையே இருக்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை வெடி போட்டு விரட்டிவிடுவோம். அவர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

"அப்ப மரம்?" என்று கேட்டேன்.

"மரத்தை அப்பறம் பாத்துக்கலாம் டீச்சர். மொதல்ல மடை."

"கூட்டுல குஞ்சு கெடக்கே அண்ணாச்சி."

"ஒரு நா பட்டினி கெடந்தா செத்தா போகும்? பக்கத்துக் கண்மாயில ஒக்காந்திருந்துட்டு, அந்தாளு பஸ் ஏறுன மறு நிமிசம் திரும்பி வந்துரும். எங்க போகப் போகுது? எல்லாம் நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் ஒன்று நன்றாகத் தெரியும். சாயங்காலம் பால்வாடிப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய் நாரைகளைக் காட்டுவது என் வழக்கம். வெயில் ஏறுகிற நேரத்தில் தாய்நாரை கூட்டின்மேல் நின்று இரண்டு இறக்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த நிழலில்தான் குஞ்சு உயிரோடு கிடக்கிறது. மாசி வெயில் எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். அறுபது சென்ட் நெல் என் வாயை அடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு சாக்கு வெடி வந்து இறங்கியது. அதை எப்படிக் கொளுத்துவது என்று ஊரில் ஒரு ஆணுக்கும் தெரியவில்லை. ஒருத்தர் சரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே திரியைப் பற்ற வைத்து, அலறி எறிந்தார். வேறொருத்தர் அணுகுண்டைத் தலைகீழாக நட்டுவிட்டு, வெடிக்கவில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு போட்டால் போதும் என்றும் தெரியாது. அதனால் அத்தனையையும் போட்டார்கள்.

முதல் சத்தத்திலேயே மரங்கள் மொத்தமும் எழுந்த மாதிரி இருந்தது. ஊருக்குமேல் நிழல் ஓடியது. நாரைகள் உயரத்தில் சுற்றிச் சுற்றி வந்தன, இறங்கப் பார்த்தன, மறுபடியும் வெடி. மத்தியானம் வரைக்கும் இப்படியே. அதற்குப் பிறகு வடக்கே திரும்பிப் போய்விட்டன. நான் பால்வாடிக் கதவைச் சாத்திவிட்டு, பயந்து அழுத பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முத்துத்தாய் மகள், "டீச்சர், ஏன் கொக்க அடிக்கிறாக?" என்று கேட்டாள். "அடிக்கல, சும்மாதான்" என்றேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ரேஞ்சர் மாதவன் வந்தார். ஜீப் இல்லை, பஸ்ஸில்தான் வந்தார். தோளில் ஒரு பை, கழுத்தில் பைனாகுலர். கரையில் ஏறியதும் அவர் கால் நின்றுவிட்டது. கரை நெடுக வெடிக் காகிதம் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. கூட்டிப் பெருக்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. வெடி போட்டுப் பழகியிருந்தால்தானே தெரியும்.

"பறவையெல்லாம் எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வரும் சார்" என்றார் அண்ணாச்சி.

ரேஞ்சர் மரங்களையே பார்த்தார். அங்கேயிருந்து ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. நேற்றைக்குக் காலையிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம்தான், இப்போது பாதியாகத் தேய்ந்திருந்தது.

"அது என்ன சத்தம்?"

"தவளை சார்" என்றார் அண்ணாச்சி.

"குஞ்சு சார்" என்றேன் நான். எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. "கூட்டுக்கு மூணு, நாலு கெடக்கு. தாயையெல்லாம் நாங்கதான் வெடி போட்டு வெரட்டுனோம். மனு எழுதுன ஜெயசெல்வி நான்தான். நானும் கூடத்தான் இருந்தேன்."

வேதமுத்து என் கையைப் பிடித்து இழுத்தார். ரேஞ்சர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்கம்மா" என்றார்.

பரிந்துரையை முன்கூட்டியே எழுதி எடுத்து வந்திருந்தார். ஏலத்தை நிறுத்த வேண்டும். மரம் வெட்டக்கூடாது. அதற்குக் கீழே ஒரு வரி: மடை, கரம்பை, மேய்ச்சல் மூன்றும் இதுவரை ஊரில் நடந்துவரும் வழக்கப்படியே தொடரலாம், இந்தப் பறவைகளைக் காத்தது அந்த வழக்கம்தான்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். அண்ணாச்சி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் கரையை விட்டு இறங்கிடுங்க. ஊர்ல ரேடியோகூடப் போடாதீங்க. வந்தா வரும்" என்றார் ரேஞ்சர்.

இரண்டு நாள் ஊர் மூச்சு விடாமல் கிடந்தது. பம்புசெட் ஓடவில்லை, ஆட்டைக் கூப்பிடக் குரல் கொடுத்தவரை அடுத்த வீட்டார் அதட்டினார்கள். நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் முந்நூறு நாரை இருந்த இடத்துக்கு நாற்பதோ ஐம்பதோ வந்து இறங்கின. ரேஞ்சர் மறுபடியும் வந்து எண்ணி எழுதிக்கொண்டார். ஏலம் நிற்கும், அதற்கு இது போதும் என்றார். மரங்களிலிருந்து வந்த சத்தம் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை மடையைத் திறந்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை, யாரும் தடை சொல்வதாகவே இருந்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்து, வேதமுத்து மண்வெட்டியால் எங்கள் வரப்பை வெட்டி விட்டார். கொஞ்ச நேரம் பாய்ந்தது. பிறகு எதுவோ வந்து வெட்டிய வாயில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிர்த்து நின்றது.

குனிந்து பார்த்தேன். இறக்கை முளைக்காத நாரைக்குஞ்சு, செத்து மடை வழியாக வந்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"என்னடி நிக்கிற? எடுத்து அங்கிட்டுப் போடு. தண்ணி நிக்குதுல்ல" என்றார் வேதமுத்து. சொல்லிவிட்டு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு கையாலும் எடுத்தேன். ஒவ்வொன்றாக, ஏழு எடுத்தேன். தண்ணீர் என் வயலுக்குள் பாய்ந்தது. நாங்கள் கேட்டது அதுதான்.