நோவாத இடம்

...இறுக்கமான இடத்தில் தகடு மெலிந்து கணீரென்று பேசும், தளர்ந்த இடத்தில் தொப்பென்று சோம்பலாக, முப்பது வருடமாகக் காதை வைத்துத்தான் செல்வதாஸ் தகடு அடிக்கிறான், திருவட்டாற்றுப் பக்கம் ரப்பர் பால் உறைய ஊற்றுகிற அலுமினிய டிஷ்களில் பாதி அவன் கையில் வளைந்தவை, ஆனால் இது டிஷ் இல்லையே, நாலு மூலை இல்லை, மனைவி பூங்கனியின் இடது கால், முட்டுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் முடிந்துவிடுகிற கால், அதைச் சுற்றி உட்கார வேண்டிய கூடு. ஆஸ்பத்திரியில் தந்த பொய்க்கால் இரண்டே மாதத்தில் தொளதொளத்துவிட்டது, கால் வற்றுமாம், வற்றி வற்றி ஒரு அளவில் நிற்குமாம், மறுபடி அளவெடுக்க டிசம்பரில் வரச்சொல்லியிருக்கிறார்கள், மகள் ஷைஜாவின் கல்யாணமோ வருகிற திங்கள்கிழமை, ஆலயத்துக்குள் நடந்துதான் வருவேன், சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டு போவதானால் வரவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்... "என்னத்துக்கு இப்பிடி உத்துப் பாக்கிய? எனக்க கால்ல ரப்பர் பாலா ஊத்தப் போறிய?" என்று சிரிக்கிறாள் வேறு. கூட்டை மாட்டி அழுத்தினான். நோவுதாட்டி? இல்ல. இஞ்ச? இல்லேன்னு சொல்லுதேன்லா.

எதைக் கேட்டாலும் இல்லை. தகடு சொல்லிவிடும், கால் சொல்லாதா? அன்றைக்கும் இப்படித்தான், சந்தையிலிருந்து வந்து மீன்பையை இறக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து, "இது ஆருக்க ரத்தம்?" என்று அவனிடமே கேட்டாள், செருப்பைத் துளைத்த ஆணி பாதத்தில் ஏறியிருந்தது, பஸ் இறங்கியதிலிருந்து அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறாள், நோவல்ல என்றாள், அது பொய்யுமில்லை, சர்க்கரை முதலில் நோவைக் கொண்டுபோனது, பிறகு விரலை, பிறகு பாதத்தை... மிச்சமிருக்கிற காலில் நோவு எதுவரை இருக்கிறது, முட்டுவரையா, அதற்கும் மேலேதானா, அதை எந்தச் சுத்தியலால் தட்டிக் கேட்பது?

ஒரு வழி உண்டு, மூடி பொருந்தாத பாத்திரத்துக்குச் செய்வது, காவிப்பொடியை எண்ணெயில் குழைத்து உள்ளே பூசி மாட்டிக் கழற்றினால் இடிக்கிற இடத்தில் சிவப்பு ஒட்டும், அங்கே தகட்டைத் தட்டி விரித்துவிட்டால் போதும். பூசினான். ஆஸ்பத்திரிப் பொய்க்காலின் பாதத்தை அடியில் முடுக்கி மாட்டினான். சுவரைப் பிடித்து எழுந்தவள் கையை எடுத்தாள், ஒன்று, இரண்டு, அடுக்களை வாசல்வரை பதினோரு எட்டு, "ஏட்டி ஷைஜா, வந்து பாருட்டி, அம்ம நடக்கியேன்!" என்று கத்தினாள், அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை உட்கார வைத்துக் கூட்டைக் கழற்றினான். எலும்பு துருத்துகிற இடத்தில் சிவப்பு. நல்லது, இடம் தெரிந்துவிட்டது, ஈரத்துணியால் துடைத்தான், போனது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மறுபடி வந்தது... தோல் சுருக்கத்தில் மிஞ்சிய காவியாக இருக்கும், எண்ணெயில் குழைத்தது லேசில் போகாது, இல்லையா? துணிக்குப் போடுகிற நீலம் வீட்டிலேயே இருந்ததே, உலகத்தில் இத்தனை நிறம் இருக்க எதற்காகச் சிவப்பை எடுத்தான்? "இன்னும் என்னத்தத் தொடைக்கிய? நோவல்லன்னு சொல்லுதேன்லா, திங்கக்கெழமைக்கு இது போதும்." துணியைச் சுத்தமான பக்கமாகத் திருப்பி அந்த இடத்தில் அழுத்தினான், அழுத்தியபடியே இருந்தான், எடுத்தால் பார்க்க வேண்டும்.