எதிர்ச்சுவர்க்காரி

துணிக்கடைக்கு எதிர்ச்சுவரில் வரைந்திருந்த பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் பேசத் தொடங்கினாள். முதலில் அவள் சொன்னது, இரண்டாம் மாடியில் குழந்தைகள் உடைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்பது. கேட்டவர்களில் நாலு பேர் உள்ளே போய் விசாரித்தார்கள். தள்ளுபடி உண்மைதான்.

வரைந்தவளைத் தெருவில் டப்பா என்பார்கள். எப்போதும் இரண்டு கையிலும் பெயின்ட் டப்பா இருக்கும். சுவரில் இருப்பது அவளுடைய அக்கா. அந்தக் கடையில் ஆறு வருடமாக அறிவிப்பு செய்கிறவள். சேர்ந்த அன்றே முதலாளி, குரல் தேன், நிறம்தான் இடிக்கிறது என்று சொல்லி, கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மைக்கோடு உட்காரவைத்துவிட்டார். முன்மேசையில் சிவப்பாக ஒரு பெண் சும்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது, பாவம். முன்தெருவில் பெட்டிக்கடை ஓரம் நிற்கும் ஆண்கள் கரிக்கட்டை என்று கூப்பிட்டு விசிலடிப்பார்கள். அதனால் அக்கா பின்வாசலோடு வந்து பின்வாசலோடு போனாள். அக்கா ஒருநாளாவது முன்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் தங்கை அவளை மூன்று மாடி உயரத்துக்கு வரைந்தாள், கறுப்பில் கஞ்சத்தனம் பண்ணாமல்.

நகராட்சி ஆட்கள் இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு காயக் காய அவள் இன்னும் கறுத்துப் பளபளத்தாள். சுண்ணாம்பில் கலப்படம் என்று மேஸ்திரி சுண்ணாம்பு விற்றவனோடு சண்டைக்குப் போனதுதான் மிச்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து கடையின் ஒலிபெருக்கிகள் ஊமையாகின. அக்கா மைக்கில் பேசுவதெல்லாம் சுவரின் வாயிலிருந்தே வந்தது. மூன்று எலக்ட்ரீஷியன்கள் பார்த்துவிட்டு வயரில் கோளாறு இல்லை என்றார்கள். முதலாளி கிடங்குக்குள் போய்க் கத்தினார். அக்கா மைக்கை அணைக்க மறந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் மறக்கிறவள்தான்.

“உன் மூஞ்சியை முன்னாடி வச்சா ஒரு பொம்பளை கடைக்குள்ள கால் வைப்பாளா?”

சுவர்ப்பெண் அதை முதலாளியின் கட்டைக்குரலிலேயே ஒரு எழுத்து விடாமல் தெருவுக்குச் சொன்னாள். உள்ளே இருந்த பெண்கள் எடுத்த துணியை வைத்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். சனிக்கிழமை வரை ஒரு கைக்குட்டைகூட விற்கவில்லை.

“திங்கட்கிழமைலேருந்து முன்மேசைல வந்து உக்காரும்மா” என்றார் முதலாளி.

“அப்ப கிடங்குல யாரு?” என்று கேட்டாள் அக்கா.

“யாரும் இல்ல.”

திங்கட்கிழமை அக்கா முன்தெருவில் நடந்து வந்தாள். டப்பா ஓரடி பின்னால் வந்தாள். பெட்டிக்கடை ஓரம் ஒருவன் விசிலடித்தான். மைக் அருகே யாருமில்லை, இருந்தும் சுவர் பேசியது.

“பச்சைச் சட்டை போட்ட அண்ணன் கவனத்துக்கு. நீங்க கூப்பிட்ட அக்கா வந்துட்டாங்க. சொல்ல வேண்டியதை எல்லார் முன்னாடியும் சொல்லலாம்.”

அக்கா அவன் சொல்லட்டும் என்று ஒரு நிமிடம் நின்றாள், பிறகு கடைக்குள் போய் முன்மேசையில் உட்கார்ந்தாள்.

ஒன்பது வருடமாகிறது. பெண்கள் வேலையில்லாத நாளிலும் அந்தப் பக்கமாகவே போகிறார்கள். நகராட்சி வருடத்துக்கு ஒருமுறை சுவர்ப்பெண்ணின் முகத்துத் தூசியைக் கழுவிவிடுகிறது. கழுவும்போது மட்டும் அவள் பேசுவதில்லை.