ஆவுடையப்பன் அழ வேண்டும்

வாய் திறந்துவிட்டது, சத்தம் இன்னும் வரவில்லை, இடது பக்க உதடு நனைந்த துணிபோலத் தொங்குகிறது, மேலே ஒரு பல், கீழே இரண்டு, நடுவில் நாக்கு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் அசைகிறது, நான் பிளாஸ்டிக் நாற்காலியை அவன் கட்டிலுக்குப் பக்கமாக இன்னும் ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், நாற்பத்து மூன்று வருஷமாகக் காத்திருக்கிறவன் நான், ஆவுடையப்பன் அழ வேண்டும், என் காதால் கேட்க வேண்டும், காசி வேண்டாம் ராமேஸ்வரம் வேண்டாம், ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் நெஞ்சு வெடித்து அழ வேண்டும், அதை ஏற்ற இறக்கத்தோடு பாடம் பண்ணிக்கொண்டு, நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் அப்படியே அழுது காட்டி, அத்தனை பேரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்க வேண்டும், அதற்கு அப்புறம் எமன் வந்தால் நானே கதவைத் திறந்துவிடுவேன், சொல்ல வேண்டிய ஒரு வரியைச் சொல்லிவிட்டேன், இனி அவன் பாடு, வாய் திறந்தே இருக்கிறது, உள்ளே வட்டமாக ஒரு இருட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது டெலிபோன் ஆபீஸ் பலகையில் இருக்கிற ஓட்டைகளில் ஒன்றாகிவிடுகிறது, பித்தளை விளிம்பு போட்ட ஓட்டை, நான் வயரை எடுத்துச் சொருகுகிறேன், எனக்கு வயது முப்பத்து நாலு.

ஆறு பேர் வரிசையாக உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறோம், தலையில் ஹெட்செட், முன்னால் பலகை, வேலை நேரத்தில் தலையைத் திருப்பினால் சூப்பர்வைசர் மெமோ கொடுத்துவிடுவார், அதனால் ஒருத்தரை ஒருத்தர் காதால்தான் தெரியும், ஆவுடையப்பன் எனக்கு அடுத்த ஸ்டூல், அவன் முகம் எப்படியிருக்கும் என்று மூன்றாவது வருஷம்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது, குரல் முதல் நாளே தெரியும், குரல் என்றா சொன்னேன், குரல்கள், ஊரில் போன் வைத்திருந்த இருநூற்றுப் பத்து வீட்டுக் குரலும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தது, ஒரு தடவை அரிசி ஆலைக்காரர் குரலில் அவர் வீட்டுக்கே பேசி, ராத்திரிக்கு உப்புமா வேண்டாம் தோசை சுடு என்று சொல்லி வைத்துவிட்டான், அன்றைக்கு அவர் தோசை சாப்பிட்டார், ஏன் சாப்பிட்டோம் என்று சாகிறவரைக்கும் அவருக்குத் தெரியாது, நான்கூடச் சிரித்திருக்கிறேன், அப்போது அவன் எனக்கு எதிரி இல்லை, பக்கத்து ஸ்டூல்தான்.

ஐப்பசி, மத்தியானம், வெளியே அடை மழை, பலகையில் பாளையங்கோட்டை லைனுக்கான விளக்கு எரிகிறது, சொருகினேன், நம்பர் ப்ளீஸ் என்றேன், அந்தப் பக்கம் என் மைத்துனன், ஆபரேட்டருக்கென்று நான் ஒரு குரல் வைத்திருந்தேன், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி, அதில் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, சார், எங்க அத்தான் உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்காங்க, அவங்களுக்கு ஒரு தகவல் சொல்லணும் என்று என் பேரையே என்னிடம் சொன்னான், நான் சொல்லுங்க சார் என்றேன், அத்தான் நாந்தாம்டே என்று ஏன் சொல்லவில்லை, இன்றைக்கும் தெரியாது, அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான், ஆஸ்பத்திரில இருந்த பாப்பா போயிட்டா சார், பத்து நிமிஷம் ஆகுது, அத்தான்கிட்ட எடுத்தவுடனே சொல்லிராதீங்க, கொஞ்சம் பக்குவமாச் சொல்லுங்க சார். சரி சார், சொல்லிடுறேன், என்றேன் நான், அதே கஞ்சிச் சட்டைக் குரலில், பிறகு வயரை உருவ வேண்டும், கை போகவில்லை, எனக்குப் பக்குவமாகச் சொல்ல அங்கே யாரும் இல்லை, நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, எனக்குப் பக்குவம் போதவில்லை, முதலில் விசில் மாதிரி மேலே ஏறியது, நடுவில் உடைந்தது, அப்புறம் மூன்று விக்கல், லைன் திறந்தே கிடக்கிறது, அந்தப் பக்கம் மைத்துனன் பதறுகிறான், சார், சார், நீங்க ஏன் சார் அழுதிய, ரொம்ப இளகின மனசு சார் உங்களுக்கு.

நாலு வயது, தொண்டையை அடைக்கிற காய்ச்சல், பேரைச் சொல்ல மாட்டேன், நாற்பத்து மூன்று வருஷமாகச் சொல்லவில்லை, பிள்ளைக்கு முடியலை என்று மட்டும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனேன், பத்து நாள் கழித்து வந்தேன், வயர் சொருகினேன், மூன்று மாசத்தில் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார், பிரிவுபசார விழா, சமூகக்கூடத்தில் எண்பது பேர், கேசரி, மிக்சர், ஆவுடையப்பன் மைக்கைப் பிடித்தான், ஆலைக்காரர் வந்தார், போஸ்ட்மாஸ்டர் வந்தார், போஸ்ட்மாஸ்டர் பெண்டாட்டி வந்தார், அடுத்தது நம்ம பக்கத்து ஸ்டூல்காரரு என்றான், கைக்குட்டையைத் தலையில் ஹெட்செட் மாதிரி கட்டிக்கொண்டு, சரி சார், சொல்லிடுறேன், என்றான், விசில் மேலே ஏறியது, நடுவில் உடைந்தது, மூன்று விக்கல், எண்ணிப் பார்த்தேன், சரியாக மூன்று, மெமோ வாங்கின ஆபரேட்டர் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு எண்பது பேரும் சிரிக்கிறார்கள், பக்கத்தில் இருந்த லைன்மேன் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்து, உம்மை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்வே என்கிறார்.

அன்றைக்கோடு எனக்கு அழுகை போய்விட்டது, கோமு, என் வீட்டுக்காரி, செத்தபோதும் தொண்டைவரை ஏதோ வந்து நின்றது, வாயைத் திறந்தால் அது ஆவுடையப்பன் குரலில் வரும் என்று தெரிந்தது, மூடிக்கொண்டேன், கல்லுளிமங்கன் என்றார்கள் அவள் அண்ணன்மார், இருக்கட்டும், என்னுடையதை எடுத்துக்கொண்டு போனவனிடமிருந்து அவனுடையதை எடுத்துக்கொண்டு வராமல் நான் சாக மாட்டேன் என்று முடிவு பண்ணினேன், அதிலிருந்து அவன் வீட்டு எழவு ஒன்றைக்கூட நான் விட்டதில்லை, முதல் ஆளாகப் போய் அவன் வாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்வேன், அவன் அம்மா செத்தாள், ஆற்றங்கரையில் அவன் உதடு லேசாகத் துடித்தமாதிரி இருந்தது, கண் எடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், குனிந்த தலையைப் பங்காளித் தலை என்று நினைத்து நாவிதர் வழித்துவிட்டார், மொட்டையோடு வீட்டுக்கு வந்தேன், யாருக்கு என்றாள் கோமு, எதிரிக்கு என்றேன், அவன் அழவில்லை, அவன் அண்ணன் செத்தான், அழவில்லை, பெண்டாட்டி செத்தாள், வந்தவர்களுக்கு மோர் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான், ஒரு கல்யாண வீட்டில் ஆறு மூட்டை சின்ன வெங்காயம் உரிக்கிற இடத்தில் அவனுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், உரித்த பெண்கள் அழுதார்கள், சமையல்காரர் அழுதார், தாழ்வாரத்தில் கட்டியிருந்த பசுமாடு அழுதது, அவன், காப்பி இன்னுங் கொஞ்சம் கிடைக்குமா என்றான். ஆவுடையப்பன் வீட்டுக்காரர்களுக்கோ என்மேல் உயிர், இந்தக் காலத்துல இப்பிடி ஒரு சிநேகிதம் யாருக்கு மாமா கிடைக்கும் என்பாள் அவன் மகள் வடிவு, ஓய்வு பெற்ற பிறகு அவன் பூங்காவில் சிரிப்பு மன்றம் ஆரம்பித்தான், காலை ஆறு மணிக்கு வயசாளிகள் வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிக்க வேண்டும், மனசுக்கு நல்லதாம், முதல் ஆளாகச் சேர்ந்தேன், அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று சர்க்கரையை விட்டேன், வெற்றிலையை விட்டேன், தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தேன், எழுபத்தைந்து வயசுல பிரஷர் இல்லை சுகர் இல்லை, எப்படி ஐயா என்று டாக்டர் கேட்டார், யார்மேலயும் மனசுல ஒண்ணும் வச்சுக்கிறதில்லை டாக்டர் என்றேன், அதை அவர் மற்ற நோயாளிகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

போன பங்குனியில் வடிவு போன் பண்ணினாள், மாமா, அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, பேச்சும் போச்சு, எதுக்கெடுத்தாலும் அழுதாங்க மாமா. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன், தெருவில் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், உள்ளே போகிறேன், இட்லித் தட்டைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான், மின்விசிறி சுற்றுகிறது, அழுகிறான், டிவியில் பற்பசை விளம்பரம் வருகிறது, ஓவென்று அழுகிறான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி, ஒரு தடவை ஆலைக்காரர் மாதிரி, ஒரு தடவை குழந்தை மாதிரி, எனக்கு வயிறு எரிந்தது, டாக்டர் வந்து விளக்கினார், மூளையில அடிபட்டதால வர்றதுங்க, சிரிப்பு அழுகை ரெண்டும் அவர் பிடியில இல்லை, வெளிய அழுறாருன்னா உள்ள துக்கம்னு அர்த்தம் இல்லை, நாளைக்கு இழவு சொன்னாச் சிரிச்சாலும் சிரிப்பாரு, நீங்க பயப்படக் கூடாது. நான் பயப்படவில்லை, ஏமாந்தேன், நாற்பத்து மூன்று வருஷம் காத்திருந்து கையில் வாங்கினால் போலிச் சரக்கு, உள்ளே ஒன்றும் இல்லாத அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நிஜமான துக்கம் ஒன்றை அவன் நெஞ்சுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தால்தான் நிஜமான சத்தம் வரும், என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

அதைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்தேன், சாயங்காலம் நாலு மணி, வடிவு காப்பி போட உள்ளே போயிருக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் போய், அன்னைக்கு நான் லைன்ல அழுதேம்லா, அது எம் மக செத்த சேதிவே, அந்த நிமிஷத்துல வந்த சேதி, என்றேன், சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்த்தேன், அதில் இருந்தது நான் எதிர்பார்த்தது இல்லை, தெரிந்த ஒன்றைத் திரும்பக் கேட்கிறவன் அப்படிப் பார்க்க மாட்டான், அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் ஹெட்செட்டில் என் மைத்துனன் இல்லை, அவனுக்கு அன்றைக்குக் கேட்டது என் பாதி மட்டும்தான், சரி சார் சொல்லிடுறேன், அப்புறம் அழுகை, மறுபாதியை நான் யாருக்கும் சொல்லவில்லை, கோமுவுக்குக்கூட, பிள்ளை அன்றைக்கு ராத்திரி போனதாகத்தான் ஆபீஸ் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது, மெமோ வாங்கின ஆபரேட்டர் என்று எண்பது பேர் நினைத்தார்களே, எண்பத்தொன்றாவது ஆளாக இவனும் அப்படித்தான் நினைத்திருப்பானோ, நினைக்கட்டும், அதற்காக என்ன, தெரியாமல் மிதித்தால் மட்டும் கால் வலிக்காதா, வாய் திறந்துவிட்டது, சத்தம் இன்னும் வரவில்லை, வா, வா, என்று நான் முணுமுணுக்கிறேன்.

வந்தது, சிரிப்பு.

ஹா ஹா என்று பூங்காவில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, அடி வயிற்றிலிருந்து கட்டில் குலுங்குகிற சிரிப்பு, வடிவு காப்பி டம்ளரோடு ஓடிவருகிறாள், யப்பா, என்ன யப்பா இது, மாமா, தப்பா எடுத்துக்கிடாதிய, சீக்கு அப்பிடி. நில்லு தாயி, என்றேன் நான், அவன் நல்ல கை, வலது கை, மெத்தையிலிருந்து எழும்பி வந்து அவன் வாயைப் பொத்துகிறது, விரல் இடுக்கு வழியாகச் சிரிப்பு பிதுங்குகிறது, இன்னும் இறுக்கிப் பொத்துகிறான், கண்ணு ரெண்டும் என்னைப் பார்த்துக் கெஞ்சுகிறது, வேண்டாம், இதைக் கேக்காதீரும் என்கிற மாதிரி, நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன், எடும்வே கையை, எனக்குக் கேக்கணும், முழுசாக் கேக்கணும், கை கீழே வந்தது, பழிக்குப் பழி வாங்குகிறவன் பாதியில் நிறுத்த மாட்டான், இன்னொரு தடவை சொன்னேன், உலகுவே, அவ பேரு உலகம்மை, சிரித்தான், நாலு வயசு, அதிகமாகச் சிரித்தான், ஆபீஸ் விட்டு வந்தா நம்பர் ப்ளீஸ் நம்பர் ப்ளீஸ்னு என் காதைப் பிடிச்சு இழுப்பா, மூச்சு முட்டச் சிரித்தான், உலகு, உலகு, என்று நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நாற்பத்து மூன்று வருஷமாக நாக்கில் வைக்காத பேரைக் கல்லு மாதிரி எடுத்து எடுத்து அவன்மேல் எறிகிறேன், அவன் சிரிக்கச் சிரிக்க அந்தச் சமூகக்கூடம் வந்துவிடுகிறது, கேசரி வாசனை, எண்பது பேர், லைன்மேன் என் தொடையில் அடிக்கிறார், நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஆமாம், யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான், பிள்ளை செத்து மூன்று மாசம், வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது, பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை எனக்கு, இவனுக்குத் தோன்றுகிறது.

மாமா, என்று வடிவு என் தோளைத் தொடுகிறாள், என்ன மாமா, என்ன செய்து, நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், திறந்த வாய் மூட மாட்டேன் என்கிறது, உள்ளே எங்கேயோ ஏதோ புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, அழுகையா சிரிப்பா, யார் குரலில், தெரியவில்லை, சத்தம் இன்னும் வரவில்லை, கட்டிலில் ஆவுடையப்பன் சிரிப்பதைச் சட்டென்று நிறுத்திக்கொண்டு, கழுத்தை மெல்லத் திருப்பி, காதை என் பக்கமாக வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறான், படுபாவி.