இடது கையைத் தூக்கினால் போதும்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை இந்த மாஸ்டர்போல் சத்தமில்லாமல் மிதிக்க ஆளில்லை என்பதால் எல்லோரும் அவரை பிரேக் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். லாரிக்கு நேர் எதிரே வண்டியை அணைத்துவிட்டு விழித்தவர்களைக்கூட அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எதற்கும் அசராத மனுஷன் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பல் ஆஸ்பத்திரி போர்டு தொங்கும் தெருவுக்குள் மட்டும் பாடம் நடத்த மாட்டார். அது ஒருவழிப்பாதை என்று மாணவர்களிடம் கூசாமல் சொல்லி வைத்திருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தார். அந்த டாக்டர் இவர் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த அறையில் இருந்த உதவியாளரைக் கூப்பிட்டு, மனுஷங்க இப்படியும் பல்லை வச்சிருக்காங்க பாரு என்று காட்டினார். உதவியாளர் வந்து குனிந்து பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். வாயைத் திறந்துகொண்டு திட்டு வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. பதில் சொல்ல வழியில்லை. அன்றைக்கு மூடிய வாயை அதன் பிறகு எந்த டாக்டருக்கும் அவர் திறந்து காட்டவில்லை.

பல் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. வலது பக்கம் மெல்ல மெல்லப் பயன்பாட்டிலிருந்து ஓய்வு பெற்றது. வேர்க்கடலைப் பொட்டலம் வந்தால் பெரிய மனசோடு அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். உதடு பிரியாமல் சிரிப்பார். பார்த்தவர்கள் அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மறைப்பதுதான் பெரும்பாடு. மனைவி வேலை பார்ப்பது மருந்துக் கடையில். யாருக்கு என்ன வலி என்பதை அவரவர் கேட்கும் மாத்திரையை வைத்தே சொல்லிவிடுவாள். அதனால் இவர் ரயில்வே கேட் தாண்டி இருந்த வேறொரு கடையில் போய், சிநேகிதர் ஒருவருக்கு என்று சொல்லி வலி மாத்திரை வாங்கி வந்தார். கடைக்காரர் ஒருநாள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, அந்த சிநேகிதரைச் சீக்கிரம் பல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், இப்படியே விட்டால் அவர் முகம் வீங்கிவிடும் என்றார். சொல்லும்போது இவருடைய கன்னத்தைத்தான் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். வேகத்தடையைப் பார்த்தால் மற்றவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொள்வார். அப்படி ஒருமுறை வண்டி தூக்கிப் போட்டதில் மாஸ்டரின் மேல் பல் கீழ்ப் பல்லில் இடித்தது. அவரிடமிருந்து கிளம்பிய சத்தத்தில் அந்த அம்மா முதன்முறையாகச் சரியான இடத்தில் பிரேக் பிடித்தார்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எத்தனை நாளாக வலி என்று விசாரித்தார். ஆயுள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்டே பழகியவர், மழுப்பினால் தெரிந்துவிடும். மாஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், உச்சுக் கொட்டிய உதவியாளர் உட்பட.

"நான் போற டாக்டரம்மா திட்டவே மாட்டாங்க சார்" என்றார் அந்த அம்மா. "எனக்கே சில நேரம் ஏமாத்தமா இருக்கும்."

மறுநாள் மாஸ்டர் போனார். தான் ஒருவழிப்பாதை என்று அடித்துச் சொன்ன அதே தெரு. மாடியில் இரண்டு சின்ன அறைகள், ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. டாக்டரம்மா அவரை உடனே நாற்காலியில் சாய்க்கவில்லை. சாதாரண ஸ்டூல் ஒன்றில் எதிரே உட்கார்ந்து, எது அதிகப் பயம், ஊசியா, சத்தமா என்று கேட்டார். மாஸ்டர் யோசித்து, "நீங்க என்ன சொல்வீங்களோங்கிறதுதான்" என்றார்.

டாக்டரம்மா தலையாட்டினார். இன்றைக்குப் பார்ப்பது மட்டும்தான், எப்போது வேண்டுமானாலும் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவேன் என்றார்.

நாற்காலி சாய்ந்ததும் மாஸ்டரின் வலது கால் தன்னை அறியாமல் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது. டாக்டரம்மா வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். மாஸ்டர் கையைத் தூக்கினார். டாக்டரம்மா நிறுத்தினார். மறுபடி குனிந்தார், மறுபடி தூக்கினார், மறுபடி நிறுத்தினார். கண்ணாடி இன்னும் உதட்டைக்கூடத் தொடவில்லை.

"வலிக்குதா சார்?"

"இல்ல டாக்டர். வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"நல்லா பாத்துக்குங்க. நேரம் இருக்கு."

இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடங்கினார். டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். ஒன்றை எடுத்தாக வேண்டும், இரண்டை அடைத்துக் காப்பாற்றிவிடலாம், மற்றவை சுத்தம் செய்தால் போதும் என்றார். இவ்வளவு வலியோடு வண்டியும் ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்களே, கஷ்டமாக இருந்திருக்குமே என்றார். அவ்வளவுதான். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கூப்பிட்டுக் காட்ட உதவியாளர் யாராவது வருகிறாரா என்று கதவைக்கூடப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை திட்டிடுங்க டாக்டர்" என்றார் கடைசியில். "வாங்க வேண்டியதை வாங்கிட்டா நிம்மதியா இருக்கும்."

"எனக்கு அது வராது சார்" என்றார் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே. "வந்துட்டீங்கல்ல. இனிமே நான் பாத்துக்கிறேன்."

மாஸ்டருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மருந்து வாடை என்றார்.

பல் எடுக்கும் நாளில் துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். பல்வலியை மறைத்ததை விட்டாலும் விட்டிருப்பாள். போட்டிக் கடையில் மாத்திரை வாங்கியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் ஆரம்பித்தது பஸ்ஸில் தொடர்ந்து மாடிப்படியிலும் ஓயவில்லை. டாக்டரம்மா திட்டாமல் விட்ட பாக்கி இப்படி வசூலாகிறது என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் படியேறினார்.

பல் வெளியே வந்ததே அவருக்குத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது பாதி முகம் மரத்து, வாயில் பஞ்சு திணித்திருந்தது. மனைவி டாக்டரம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகப் பல்லைக் காட்டாமல் ஒரு மனுஷன் இருப்பானா, நீங்களாவது நாலு வார்த்தை கேளுங்கள் என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கடைசியா எப்பம்மா காட்டினீங்க?" என்றார்.

மனைவி ஜன்னலோரத் தொட்டிச் செடியைப் பார்த்து, இதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று கேட்டாள்.

மாஸ்டருக்கு வாழ்நாளில் கிடைக்காத வாய்ப்பு. என்னென்னவோ சொல்லத் தோன்றியது. ஆனால் உதடு ஒத்துழைக்கவில்லை. பஞ்சைத் தாண்டி வெறும் காற்றுதான் வந்தது. டாக்டரம்மா, சும்மா பார்க்கத்தான் என்று சொல்லி அவளை மெதுவாக நாற்காலிக்கு அழைத்துப் போனார். மாஸ்டர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே பேச்சுக்குரல் தணிவாகக் கேட்டது. நடுவில் ஒருமுறை மனைவி சிரித்தாள்.

வெளியே வந்தவள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், "வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. உங்களுக்குக் கிளாஸ் இருக்கா?" என்றாள்.

இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எனக்கும் ரொம்ப நாளா வலிங்க" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "கடையில பின்பக்கம் போய் மாத்திரை போட்டுக்குவேன். எல்லாருக்கும் புத்தி சொல்றவ, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

மாஸ்டர் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அது கிளம்பிப் போயிற்று.