தேவதாருக்களிடம் சொன்ன பொய்

பிடரியில் சூடாக என்னவோ படுகிறது, பிறகு படவில்லை, பிறகு படுகிறது, அது என் முதுகில் கிடக்கும் அர்த்தநாரியின் மூச்சு, அது ஒன்றைத்தான் நம்பிக்கொண்டு மரங்களுக்கு நடுவே இறங்குகிறேன், வருடங்கள் எத்தனையோ போய்விட்டன, திருச்செங்கோட்டில் கட்டிலில் கிடக்கும்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், ஃபேன் காற்று கழுத்தில் பட்டால் போதும், சுவரெல்லாம் கறுத்து அடிமரமாகிவிடுகிறது, எத்தனை ஆள் கைகோத்தாலும் கட்ட முடியாத தேவதாரு, யார் எந்தக் காலத்தில் அடித்ததோ, பட்டைக்குள் பாதி புதைந்த துருவேறிய ஆணிகள், உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் உச்சி இல்லை, மூடுபனிதான் இருக்கிறது.

அர்த்தநாரி என் தங்கை பாவாயியின் புருஷன், என்னோடு ஒரே போர்வெல் வண்டியில் வேலை, இமாசல மலையில் ஊற்று வற்றிப்போன மேட்டுக் கிராமம் ஒன்றுக்குக் குழாய்க்கிணறு போடப் போயிருந்தோம், புழுதிதான் வந்தது, தண்ணீர் வரவில்லை, அடுக்கியிருந்த இரும்பு ராடு ஒன்று சரிந்து அவன் முழங்காலுக்குக் கீழே விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் கம்ப்ரசர் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது, கேட்டதாக இப்போது நினைக்கிறேனோ என்னவோ, வண்டி ஏறிவந்த ரோடு மழையில் சரிந்து அடைபட்டுவிட்டது, கீழூருக்குப் போனால்தான் ஆஸ்பத்திரிக்கு ஜீப் கிடைக்கும், கீழூருக்கு அந்தத் தேவதாருக் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வழி காட்ட வந்தவர் அந்த ஊர்க்காரர் பேலிராம், எங்களைக் கிணறு போட அழைத்தவர், காட்டின் வாயிலில் கையை விரித்து மறித்தார், தூக்கக் கூடாது பாயி, இதுக்குள்ள பொணத்த மட்டும்தான் தூக்கிட்டுப் போவோம், உசுரோட இருக்கிறவன் கால் மண்ணுல படணும், தூக்கிட்டுப் போனா காடு அவனத் தன்கிட்டயே வெச்சுக்கும் என்றார், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கே அவ்வளவும் புரிந்தது, அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டான், என்ன மச்சா சொல்றாரு உன்ற சம்பந்தி, நடந்து வரச் சொல்றாரு மாப்ள என்றேன், காலொடஞ்சவன நடக்கச் சொல்ற ஊரு, நல்ல ஊருக்குத்தான் கூட்டியாந்திருக்கற போ, என்றான்.

நடந்தான், எங்கள் இருவர் தோளிலும் தொங்கி, முறிந்த காலின் நுனி மண்ணில் படும்போதெல்லாம் நாய்போல ஒரு சத்தம், அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை, உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கின்றன, எங்கள் காலடியே எங்களுக்குக் கேட்கவில்லை, ஒரு குருவிகூடக் கத்தவில்லை, யாரோ கூடவே நடந்துவந்தாலும் தெரியாது, அந்த நினைப்பு வந்ததும் நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், அப்போதுதான் அவன் தலை என் மார்பில் சாய்ந்தது, மயக்கம், கன்னத்தில் தட்டினேன், மாப்ள, மாப்ள, கண் திறக்கவில்லை, காலில் கட்டியிருந்த துண்டிலிருந்து ரத்தம் சொட்டியது, சாமி குத்தமோ என்ன எழவோ வரட்டும் என்று அவனை முதுகில் ஏற்றிவிட்டேன், அவன் கால்கள் மண்ணைவிட்டு எழுந்தன.

பேலிராம் முகம் வெளிறிப்போயிற்று, மரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பிறகு சாவுக்குக் கழற்றுவதுபோலத் தலைக் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிணத்துக்கு முன்னால் போகிறவர்கள் கூவுவதுபோல உரக்கக் கூவ ஆரம்பித்தார், யோவ் நிறுத்துய்யா, உசுரு இருக்குய்யா என்று கத்தினேன், என் வாயைப் பொத்தினார், காதோடு சொன்னார், சத்தமாச் சொல்லாத, செத்தவன்னு நெனச்சா காடு வுட்ரும், நீயும் அழு, சொந்தக்காரன் அழுவலன்னா இது நம்பாது.

அழுதேன், ஒப்பாரி வைத்தேன், எங்கள் பக்கம் அதைப் பெண்கள்தான் வைப்பார்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா செத்தபோது பாவாயி அழுத அழுகைதான், என்ற தங்கச்சிய வுட்டுப்போட்டுப் போயிட்டியே மகராசா, அவ தாலிய நானே அறுக்க வந்தேனே மகராசா, சொல்லச் சொல்ல நாக்கு கூசியது, சொல்லாமல் விடவும் பயம், மரத்துக்கு மரம் அந்த அழுகை திரும்பி வந்தது, பாவாயியே எங்கோ முன்னால் நின்று அழுகிறாள், சேலை நிறம்கூடத் தெரிகிறது, வழுக்கும் பாறைகளில் இறங்குகிறேன், பிடரியில் மூச்சு படவில்லை, நின்று காத்திருக்கிறேன், படவில்லை, பொய்தானே சொன்னேன் சாமீ, பொய்தானே, அழுகை எப்போது நிஜமாயிற்று என்று எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியவில்லை, முன்னால் வெளிச்சம் மஞ்சளாக விழுகிறது, காட்டு விளிம்பு, எங்கள் சத்தம் கேட்டுக் கீழூர் ஆட்கள் தலையில் குல்லாய் இல்லாமல் வரிசையாக வந்து நிற்கிறார்கள், அப்போது என் காதுக்குள் ஈரமாக ஒரு குரல், யாரு மச்சா செத்தது, இப்படி அழுவற.

என் கால் தானாக நின்றுவிட்டது, பேலிராம் பாய்ந்துவந்து அவன் வாயைப் பொத்தினார், இன்னும் கொஞ்சம் மரம் இருக்கு, பேசாதன்னு சொல்லு பாயி என்றார், செத்த நாழி பொணமா இரு மாப்ள, கால்ல வுழறேன் என்று அழுகைக்கு நடுவிலேயே ராகம் போட்டுச் சொன்னேன், அவன் என்ன புரிந்துகொண்டானோ, கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டான், நான் முன்னைவிடப் பெரிதாக அழுதேன், கடைசி மரம் பின்னால் போகும்வரை, வெயில் முகத்தில் அடிக்கும்வரை, அங்கே முழங்கால் மடங்கி அவனைப் புல்லில் இறக்கியபோது முறிந்த கால் மண்ணில் பட்டது, அவன் என் அப்பன் ஆத்தா என்று ஒருவரையும் விடாமல் திட்டினான், கீழூர் ஆட்கள் அலறிப் பின்வாங்கினார்கள், பேலிராம் மட்டும் புல்லில் பொத்தென்று உட்கார்ந்து, இன்னொரு தடவ திட்டச் சொல்லு பாயி என்றார்.