வாசலில் சிவப்புத் தண்ணீர்

நல்ல காரியத்துக்குன்னு எடுத்து வெச்ச மஞ்சளை வண்டி வயித்துல கொட்டுவீங்களா என்று மயிலாத்தா கத்துகிறாள், வயிறு இல்லடி அது ரேடியேட்டரு என்று குழந்தைவேலு அண்ணன் அவளுக்கு மேல் கத்துகிறார், இரண்டு பேர் காலுக்கும் நடுவில் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் ஒரு நூலாக வேனுக்கடியிலிருந்து கிளம்பி, வாசல் கோலத்தின் ஓரத்தை நனைத்துவிட்டு, கேட்டைத் தாண்டித் தெருவைப் பார்க்க வருகிறது, நான் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், எத்தனையோ வருடம் ஆயிற்று, ஆனால் அந்தச் சேலை இன்னும் என் கையில் ஈரமாகவே இருக்கிறது, பிழிந்ததையே பிழிந்துகொண்டு நிற்கிறேன், உள்ளே போக மனம் வந்தால்தானே.

ஈரோட்டில் சூரம்பட்டிப் பக்கம் எங்கள் சந்து, ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் மிளகு ரசம் வைப்பார்கள், குழந்தைவேலு அண்ணன் மஞ்சள் மண்டித் தரகர், தலைவலிக்கும் மஞ்சள், எறும்புக்கும் மஞ்சள், அதனால் வேன் ஒழுகியதும் அவர் கை மஞ்சள் டப்பாவுக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, ரேடியேட்டரில் ரெண்டு கரண்டி போட்டா ஓட்டையில போய் உக்காந்து அடைச்சுக்கும் என்றார், அவர் பெண்டாட்டி மயிலாத்தாவின் கட்சி சோப்பு, அவள் அப்பாவின் மொபெட்டில் பெட்ரோல் டேங்க் ஒழுகியபோது துணி சோப்பைத் தேய்த்துத்தான் அடைத்தார்களாம், இருவரும் விட்டுக்கொடுக்கும் ஆட்கள் இல்லை, கடைசியில் ஓஸ் குழாய் மேலே சோப்பு, ரேடியேட்டர் உள்ளே மஞ்சள் என்று இரண்டும் நடந்தது, மிச்சச் சோப்புக்கட்டி வேனுக்கடியில் தரையிலேயே கிடந்தது, அதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது, ஆனால் நான் மாடியில் அல்லவா இருக்கிறேன்.

அவசரம் என்னவென்றால், அன்றைக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகவேண்டும், போய் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் மகள் சுமித்ராவின் கல்யாணம் முடிவான மாதிரி, முடிவானால் அவளுடைய ஓசூர் வேலை போன மாதிரி, ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று, பெண் வேலைக்குப் போகக்கூடாது, ஓசூர்க் கம்பெனியிலிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்று அந்தப் பெண் எங்கள் கேட் வரைக்கும் ஓடி வந்து என்னிடமே சொன்னாள், அடுத்த வாரம் மயிலாத்தா, கல்யாணத்துக்கப்புறம் அவிய சம்மதிச்சா பாத்துக்கலாம் கண்ணு என்று சமாதானம் சொல்லிக்கொண்டே தலை பின்னிவிட்டாள், பின்னல் இறுக இறுக அந்த முகம் சின்னதாகிக்கொண்டே போனது, இது நிஜமாகவே நான் பார்த்ததா, அப்புறம் கனவில் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை, பின்னல் மட்டும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டு, மயிலாத்தாவின் அண்ணன் மகன் எழிலரசுவைக் கூப்பிட்டுவிட்டார்கள், தறி சாமான் கடையில் வேலை, கை வேலை தெரிந்த பையன், சுமித்ராவைவிட ஒரு வயது இளையவன், அதனால் முறை இருந்தும் முறைமாப்பிள்ளைக் கணக்கில் வராதவன், வந்தவன் நேரே ரேடியேட்டர் மூடியைத் திருகினான், இஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, புஸ்ஸென்று ஒரு சீறல், நல்லவேளை கொதிக்கவில்லை, வெதுவெதுப்பு, ஆனால் மஞ்சள் முழுக்க அவன் வெள்ளைச் சட்டையிலும், பக்கத்தில் புனல் பிடித்து நின்ற சுமித்ராவின் சேலையிலும் போய் அப்பிக்கொண்டது, அண்ணன் மட்டும், பாரு எவ்வளவு நெறம், நம்ம மண்டி சரக்கு என்றார்.

இந்த வேன்களுக்கு இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில்தான் படுத்திருக்கும், சீட்டைத் தூக்கினால்தான் முகம் காட்டும், எழிலரசு தூக்கினான், பழனி விபூதிப் பொட்டலம் ஒன்று கிடந்தது, அதை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே குனிந்து, மாமா, ஓஸ் நுனி வெடிச்சிருக்குதுங்க, வெடிச்ச எடத்தை அறுத்துப்போட்டு திரும்ப மாட்டிக் கிளிப் போட்டா சரியாப் போயிருமுங்க என்றான், கிளிப்பைக் கழற்றிச் சுமித்ராவின் கையில் கொடுத்துவிட்டுக் குழாயை உருவினான், உள்ளே இருந்தது அத்தனையும் மடமடவென்று தரையில் கொட்டியது, பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீர் சோப்புக்கட்டியை முழுக்காட்டிக்கொண்டு ஓடியது, மஞ்சள் கறை பட்ட சேலையைச் சோப்புப் போட்டவர்களுக்குத் தெரியும் என்ன ஆகுமென்று, சிவப்பு, குங்குமத்தைக் கரைத்த மாதிரிச் சிவப்பு, அப்படியே கோலத்தின்மேல் பரவிக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது, கல்யாண வீட்டில் ஆலம் சுற்றிக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே, ஒரு வெற்றிலைதான் குறை.

கிளிப்பைக் கொடு என்றான் எழிலரசு, சுமித்ரா, காணோம் என்றாள், இப்பத்தானே கொடுத்தேன் என்றான், விழுந்திருச்சாட்ட இருக்குது என்றாள், அண்ணனும் மயிலாத்தாவும் ஆளுக்கொரு பக்கம் தரையில் தேடினார்கள், மாடியிலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது, அவள் வலது கை மூடிக்கிடக்கிறது, அவனுக்கும் தெரிந்துவிட்டது, அந்தக் கையைப் பிடித்து விரலைப் பிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்தான், பிரிக்காமல் நின்றான், அப்புறம், கிளிப் இல்லாட்டி வண்டி நவுராதுங்க மாமா என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னான், கையை விட மட்டும் மறந்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் ஆட்டோ வந்து நின்றது, மாப்பிள்ளையின் பெரியம்மா நாச்சம்மாள், கருங்கல்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தவள், போகிற வழியில் வேனில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு, காத்திருந்து காத்திருந்து தானே வந்துவிட்டாள், ஒரு காலை இறக்கினாள், காலடியில் சிவப்புத் தண்ணீர், நிமிர்ந்தாள், மஞ்சள் பூத்த சேலையில் பெண், மஞ்சள் பூத்த சட்டையில் ஒரு பையன், நெற்றியில் விபூதி, பெண்ணின் கை அவன் கையில், இறக்கிய காலை ஆட்டோவுக்குள்ளேயே எடுத்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை, ஏனுங்க, முடிச்சே போட்டீங்களா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொய்க்கவராச்சும் கொண்டாந்திருப்பனே என்றாள், ஆட்டோ திரும்பிவிட்டது, அம்மா, அது சோப்புங்க, மஞ்சளும் சோப்புமுங்க என்று அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுக்கு வரைக்கும் ஓடினார், கல்யாணத்தை ஒளித்தவன்கூட இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான்.

சுமித்ராவும் ஓடியிருக்கலாம், ஒரே வார்த்தையில் விளக்கியிருக்கலாம், அவள் முக்கைப் பார்த்தாள், ஆட்டோ மறைகிற வரைக்கும் பார்த்தாள், அப்புறம் கையை விரித்தாள், உள்ளங்கையில் கிளிப்பின் அச்சு வட்டமாகப் பதிந்திருக்கும், நான் பார்க்கவில்லை, ஆனால் பதிந்திருக்கும், எழிலு, கெடச்சிருச்சு, மாட்டு என்றாள்.

மாட்டினான், தண்ணீர் ஊற்றினார்கள், வேன் பால் பூத் வரைக்கும் போய்ச் சொட்டு ஒழுகாமல் திரும்பி வந்தது, அதற்குள் கோபியிலிருந்து போன் வந்துவிட்டது, வர வேண்டாம் என்று, மயிலாத்தா கோலத்தின்மேல் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவினாள், கழுவக் கழுவச் சிவப்பு தெருவுக்குத்தான் போனது, யாரோ ஒருத்தி பந்தி எப்போ என்று கேட்டே விட்டாள், நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன், எங்கள் சந்தில் கேட்காதவர்கள் கிடையாது, பேர் கெட்டது கெட்டுப்போச்சு, அவனுக்கே கட்டிவெச்சிரலாமா என்றுகூட மயிலாத்தா ஒருநாள் ஆரம்பித்தாள், நானே என் பேரைச் சரி பண்ணிக்கறேம்மா, ஓசூருக்கு விடு என்றாளாம் மகள், கெட்டுப்போன பேரை வைத்துக்கொண்டு வீட்டில் பூட்டிவைத்து என்ன ஆகப்போகிறது என்று அண்ணனுக்கும் தோன்றியிருக்க வேண்டும், ஆவணியில் அந்த வேனிலேயே கொண்டுபோய் விட்டுவந்தார்.

நாச்சம்மாளுக்கு விஷயம் தெரிய ஒரு வருடம் ஆயிற்று, தெரிந்ததும் அவள் செய்த காரியம், சோப்பு கதை நெசமுன்னா அந்தப் பையன் ஒண்டிக்கட்டைதானே என்று எழிலரசுவைத் தன் மகளுக்கே பேசி முடித்தாள், அவன் இப்போது கோபியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், பேச்சு முறிந்த அந்தப் பழைய மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டான், காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் கடைக்குப் போகிறானாம், வேனைப் பெருந்துறையில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வாங்கிக்கொண்டு போனார், சுமித்ரா ஓசூரிலேயே தன்னோடு வேலை செய்த தர்மபுரிப் பையனைக் கட்டிக்கொண்டு வாடகைக் காரில் வந்து இறங்கினாள், கார் போய்விட்டது, மயிலாத்தா தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, கற்பூரம் வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் கொட்டினாள், நான் மாடியில் துணி காயப்போடுகிறேன், அதே சேலையோ என்னவோ, சிவப்பு ஒரு நூலாகக் கிளம்பிக் கோலத்தின் ஓரத்தை நனைத்துக் கேட்டைத் தாண்டியது, எனக்கு வாய் நிற்கவில்லை, அண்ணா, வண்டி ஒழுகுது பாருங்க என்று கத்திவிட்டேன், குழந்தைவேலு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேன் இல்லாத அந்த வெறுந்தரையில் குனிந்து பார்த்தார்.