நாற்பத்தோராம் பக்கம்

அபெனா எனக்கு ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தாள். "வெளியீட்டில் நீ பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். மற்றதெல்லாம் உன் விருப்பம்."

கானாவிலிருந்து வந்த எழுத்தாளர் அவள். மெரிலேண்ட்ஸில் வீட்டுக் கராஜுக்குள் பதிப்பகம் நடத்துகிறாள். முதல் புத்தகக்காரரை மட்டும்தான் போடுவாள். இடப்பக்கம் அவரவர் மொழி, வலப்பக்கம் ஆங்கிலம். என் கதைகளை எட்டுத் தரம் திருப்பி அனுப்பி, ஒன்பதாம் தரம் சரி என்றாள். வெளியீட்டுக்கு ஒரு எழுத்தாளர் விழாவின் பொறுப்பாளரையும் கூட்டிவந்தாள். என் வாசிப்பு அந்தப் பெண்ணுக்குப் பிடித்தால் வருகிற விழாவில் எனக்கு ஒரு மேடை.

அழைப்பிதழ் தயாரித்தது நான்தான். பேச்சாளர்களின் அந்தக் கண்டறியாத பட்டியலை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. ஃபாதரின் ஆசியுரை, சங்கத் தலைவர், முன்னாள் தலைவர். "விக்னராஜா அங்கிளை விட்டா அவர் சாகுமட்டும் எங்களோட கதைக்கமாட்டார்" என்றார் என் கணவர் றொகான். அங்கிளையும் போட்டேன். அங்கிளைப் போட்டால் அவருடைய மச்சானை விடலாமா? மொத்தம் ஒன்பது பேர். கடைசியில் நான், ஏற்புரை. ஏற்புரைக்குள்ளேயே கதையையும் வாசித்துவிடலாம் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பென்டில் ஹில்லில் எடுத்த மண்டபத்தை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒன்பதாவது ஆளான விக்னராஜா அங்கிள் ஐந்து மணிக்கு மைக்கைப் பிடித்தார். "நேரமில்லை, சுருக்கமாச் சொல்லுறன்" என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தில் தான் நடித்த நாடகத்தைக் காட்சி காட்சியாகச் சொன்னார். என் புத்தகம் உறை பிரிக்காமல் அவர் கையில் இருந்தது. 'வாசிக்க நேரம் வேணும் அங்கிள்' என்று துண்டு எழுதி அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

தமிழ் தெரியாத அபெனா முன்வரிசையில் நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்தாள். நான் தமிழில் வாசிக்க இருந்த பக்கத்தின் ஆங்கிலம் அது. ஐந்தே முக்காலுக்கு விழாப் பொறுப்பாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

என்னைக் கூப்பிட்டபோது ஆறுக்கு மூன்று நிமிடம். மண்டபக்காரர் பின்னால் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். அரைப் பக்கமாவது வாசித்திருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் அந்த ஒன்பது முகங்களும் இருந்தன. "மதிப்புக்குரிய ஃபாதர் அவர்களே" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. ஒன்பது பேருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லி முடிக்க, லைட்டை அணைத்துவிட்டார்கள்.

அபெனா புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். விரல் அதே பக்கத்தில்தான் இருந்தது.

"ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டேன். ஆனால் நீ எந்த வரியில் நிற்கிறாய் என்று என்னால் பிடிக்க முடியவில்லை. காட்டு."

"அது கதை இல்லை, அபெனா. நன்றிதான் சொன்னேன்."

அவள் விரலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

பின்னாலிருந்து விக்னராஜா அங்கிள் வந்தார். "சோக்காச் செய்தீர் அஞ்சலா. ஒருத்தற்ற பேரையும் விடேல்லை."